கணுக்காலைப் பிடித்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இட்டுக்கட்டிப் பேச எனக்கு வராது. எங்கள் வீட்டில் அந்தத் திறமை என் கணவருக்கு மட்டும்தான். இது என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணிக்கு நடந்தது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீட்டில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. விசாரணையில் அக்கா எழுதிக்கொடுத்த பதினோரு பக்கத்தையும் படித்திருக்கிறேன். எழுதிக்கொடுக்காததை அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நேரம் எதையும் நான் மாற்றவில்லை. எல்லாமே பட்டப்பகல். பேய் வர இருட்டு வேண்டும் என்பவர்கள் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஆபரேட்டர். நோயாளிகளுக்கான மெஷின்கள் மேல்தளத்தில் இருந்தன. அக்காவின் மெஷின் அடித்தளத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும். ஜன்னல் கிடையாது. ஒரே அறையைக் குறுக்கே தடுத்தது போல நடுவில் தடித்த கண்ணாடி. உள்ளே குகை மாதிரி வாயைத் திறந்துகொண்டு மெஷின். வெளியே அக்காவின் மேசை, கணினி, மைக். உள்ளே படுப்பவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். ஏதாவது ஆனால் அமுக்கலாம். அமுக்கினால் அக்காவின் மேசையில் மணி அடிக்கும்.

பயம் என்பது அக்காவுக்கு ஒட்டாத சமாச்சாரம். வீட்டில் பல்லி விழுந்தால் நாங்கள் எல்லாரும் கட்டில் மேல் நிற்போம். அக்கா வெறுங்கையால் அள்ளி ஜன்னலுக்கு வெளியே போடுவாள். கையைக் கழுவிவிட்டு விட்ட இடத்திலிருந்து வெங்காயம் நறுக்குவாள். அப்பேர்ப்பட்டவள்.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண்ணை எல்லாரும் பென்சில் என்று கூப்பிடுவார்கள். இருபத்தொன்பது வயது. ஆள் அவ்வளவு ஒல்லி. போதாததற்குக் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஆறு வருடமாக ஒரே ஆராய்ச்சி. அம்மா அப்பா வெளியூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவளை வீட்டுக்கு இழுத்து வந்து சாப்பாடு போடுவாள். தின்பதைப் பார்த்தால் ஒல்லி என்று சொல்ல மாட்டீர்கள்.

அவள் ஆராய்ச்சி பயத்தைப் பற்றியது. எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்கே விளக்கியிருக்கிறாள். மெஷினுக்குள் படுத்திருப்பவர் கண் எதிரே ஒரு சின்னத் திரை. அதில் நீல வட்டம் வரும், அல்லது மஞ்சள் சதுரம் வரும். சதுரம் வந்தால் ஒன்றும் ஆகாது. வட்டம் வந்தால் ஆறு விநாடி கழித்து இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஷாக். ஊசி குத்தின மாதிரி, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன மாறுகிறது என்று மெஷின் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

"முதல்ல ஷாக் அடிச்சாத்தான் மூளை துள்ளும். பத்துத் தடவை ஆனதும் வட்டத்தைப் பார்த்தாலே துள்ளும். அப்புறம் ஷாக் வந்தாக்கூட மூளை பெருசா கண்டுக்காது. பயம் முன்னாடி நகர்ந்து வந்துடும்," என்றாள்.

"எவ்வளவு முன்னாடி வரும்?"

"தெரியலையே. அதைத் தேடித்தான் தலைமுடி கொட்டுது," என்று சிரித்தாள்.

மார்ச் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, அந்த ஆராய்ச்சியின் புதுக் கட்டம் தொடங்கியது. முப்பது பேர் தாங்களாக முன்வந்து பெயர் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று நாள் வர வேண்டும்.

மூன்றாம் நாள், புதன், காலை 11.20. பஸ் ஓட்டுநர் ஒருவர் முடித்துவிட்டு வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஷாக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அந்தக் கை வைக்கிறது மட்டும் முன்னாடியே சொல்லிட்டு வையுங்க. திடுக்குன்னு இருக்கு."

"எந்தக் கை சார்?"

"அதான், வலது காலைப் பிடிச்சீங்களே. சில்லுன்னு."

அக்கா பென்சிலைப் பார்த்தாள். பென்சில் அக்காவைப் பார்த்தாள். அந்த முக்கால் மணி நேரமும் இரண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக ஒரே கதவு. அது அக்காவின் முழங்கையிலிருந்து நான்கு அடி தூரம்.

"கால் மரத்துப் போயிருக்கும் சார். அசையாம படுத்தா அப்படித்தான் இருக்கும்," என்றாள் அக்கா.

அவர் வாதாடவில்லை. "இருக்கும் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் போகும்போது குனிந்து வலது கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய், மாலை 3.05. பாட்டு டீச்சர் ஒருவர். அவராகவே ஆரம்பித்தார். முதலில், படுத்திருக்கும் பலகையில் யாரோ தட்டுகிறார்களாம். டொக், டொக், டொக். மூன்றே மூன்று. மெஷின் போடும் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. ஆனால் இது காது வழியாக வரவில்லையாம், முதுகெலும்பு வழியாகக் கேட்டதாம். தட்டி ஆறேழு விநாடிக்குள் ஒரு கை கணுக்காலைப் பிடித்ததாம்.

"பிடிச்சுட்டு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"இழுத்துச்சு. மெதுவா. வெளிய வான்னு சொல்ற மாதிரி."

"ஏன் பந்தை அமுக்கல?"

"இதுவும் உங்க சோதனைன்னு நெனச்சேன். கொஞ்சம் சங்கடமா இருக்கும்னு கையெழுத்து வாங்குனீங்களே."

மாத முடிவில் கணக்கெடுத்தார்கள். வந்துபோன பதினாறு பேரில் பதினொரு பேர் அதையே சொன்னார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லாரும் அதைச் சோதனையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தார்கள்.

பென்சில் மூளைப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டத்துக்கு ஒரு துள்ளல், அது சரி. சதுரத்துக்கு எதுவும் இல்லை, அதுவும் சரி. ஆனால் திரை வெறுமையாக இருந்த நேரங்களில் மூன்றாவதாக ஒரு துள்ளல் இருந்தது. முதல் நாள் சின்னதாக. இரண்டாம் நாள் பெரிதாக. மூன்றாம் நாள் வட்டத்தின் துள்ளலை விடப் பெரிதாக. அதுவும் பிடிக்கும்போது இல்லை. தட்டும்போதே.

அந்தப் பதினொரு பேரின் மூளையும் எதையோ எச்சரிக்கை என்று கற்றுக்கொண்டிருந்தது. பென்சில் கற்றுக்கொடுக்காத எதையோ.

பென்சிலின் பேராசிரியரிடம் சொன்னார்கள். மெஷின்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். வந்தார்கள், கழற்றினார்கள், மாட்டினார்கள். எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். மெஷின் பாகம் ஏதோ அதிர்கிறது, அவ்வளவுதான், வேலையைப் பாருங்கள் என்று பேராசிரியர் முடித்துவிட்டார்.

அக்கா விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கேமராவை நிறுத்தி, படுத்திருப்பவரின் கால்களை மட்டும் படம் பிடித்தாள்.

ஏப்ரல் நான்கு, காலை 10.42. படுத்திருந்தவர் ஒரு கல்லூரி மாணவர். கால் மேல் வெள்ளைப் போர்வை. பதிவில் யாரும் வரவில்லை. நிழல்கூட இல்லை.

போர்வை மட்டும் வலது கணுக்கால் இருக்கும் இடத்தில் மெல்ல அமுங்கியது. ஒரு பக்கம் நான்கு பள்ளம். மறுபக்கம் ஒன்று.

பிறகு பள்ளம் நிமிர்ந்தது. போர்வை முன்பு இருந்தது போலவே இருந்தது.

அக்கா அதை மூன்று முறை பார்த்தாள். பென்சில் ஒரு முறைதான் பார்த்தாள். பிறகு இருவரும் மேலே போய் வெயிலில் நின்று டீ குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்கும் கேட்க ஆரம்பித்தது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு நடுவே நாற்பது விநாடி மெஷின் அமைதியாக இருக்கும். அப்போது மைக் வழியாக, மெஷினின் உள்ளேயிருந்து…

டொக். டொக். டொக்.

முதல் நாள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் நாள் உள்ளங்கை வியர்த்தது. ஒரு வாரத்தில், சத்தம் வருவதற்கு முன்பே வயிறு இறுகத் தொடங்கியது. பிடித்தது என்னவோ படுத்திருந்தவர்களின் காலை. ஆனால் அக்கா மேசைக்கடியில் தன் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை மதியம், அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. தட்டில் எதையும் வைக்கவில்லை என்று கரண்டியால் தட்டினாள். மூன்று தட்டு. அக்கா எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். என்ன ஏது என்று யாருக்கும் புரியவில்லை. குழந்தை அழக்கூட மறந்துபோய்ப் பார்த்தது. அக்காவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரர் சாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "வேலைய விட்டுடு. உனக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். "நான் பிள்ளைய அடிச்சதே இல்லடி," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

திங்கட்கிழமை அவள் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது, பென்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயத்தைக் கத்துக்குற மூளை, பயப்படாம இருக்கவும் கத்துக்கும் அக்கா. அதுக்கு ஒரு வழி இருக்கு. அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கணும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகக் கூடாது. அப்போ மூளை, சரி, இது சும்மாதான்னு விட்டுடும்."

"ஒண்ணும் ஆகலைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"இத்தனை வாரத்துல யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா, சொல்லுங்க."

அக்கா ஒப்புக்கொண்டாள்.

மைக்கில் பதிவான தட்டலை வெட்டி எடுத்தார்கள். அக்கா தினமும் காலை ஒன்பது மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அறுபது முறை கேட்டாள். முதல் நாள் இருபதாவது முறையில் கழற்றி எறிந்துவிட்டாள். நான்காம் நாள் கேட்டுக்கொண்டே வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பினாள். ஏழாம் நாள் கொட்டாவி விட்டாள். கூடவே உட்கார்ந்து பென்சிலும் கேட்டாள். வந்துபோன மற்றவர்களுக்கும் மெஷினுக்குள் வைத்து அதையே போட்டுக் காட்டினார்கள். மூன்றாவது துள்ளல் நாளுக்கு நாள் தணிந்தது. கடைசியில் கோடு சமதரையாகப் போனது.

ஏப்ரல் இருபத்தாறோடு உண்மையான தட்டலும் நின்றது. கையும் நின்றது. அடுத்த ஞாயிறு பென்சில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மே ஆறு. வெள்ளிக்கிழமை.

முப்பதாவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. காய்ச்சல் என்று 3.40-க்குப் போன் வந்தது. அறை அன்றோடு வேறு ஆராய்ச்சிக்குப் போகிறது. ஒரே ஒரு பதிவு பாக்கி.

"கடைசி பதிவு அந்தத் தட்டலைக் கேக்கறதுக்கு மட்டும்தான் அக்கா, ஷாக் கிடையாது. நானே படுத்துடறேன். நீங்க ஓட்டுங்க," என்றாள் பென்சில்.

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அக்காவின் மேசையில் வைத்தாள். உள்ளே போய்ப் படுத்தாள். அக்கா போர்வையைப் போர்த்தி, ரப்பர் பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

3.58. கதவு மூடப்பட்டது.

4.02. முதல் சுற்று. எல்லாம் சரி.

4.10. முதல் சுற்று முடிந்தது. மெஷின் அமைதியானது.

டொக். டொக். டொக்.

பதிவு செய்த சத்தத்தை அக்கா இன்னும் போடவே இல்லை.

மைக்கில் பென்சிலின் குரல் வந்தது. "கேக்குது அக்கா. ஒண்ணுமில்ல. ஓட்டுங்க."

அக்கா ஓட்டினாள்.

பின்னால் என்னிடம் இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடையும். "எனக்குப் பயமே வரலடி. கை நடுங்கல. வயிறு இறுகல. யாரோ பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு."

4.12. தட்டல் மூன்றோடு நிற்கவில்லை.

டொக் டொக் டொக். டொக் டொக் டொக். டொக் டொக் டொக்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே கேட்டது. மைக் வழியாக இல்லை.

4.13. சத்தம் இடம் மாறியது. மெஷினிலிருந்து கண்ணாடிக்கு வந்தது. அக்காவின் முகத்துக்கு நேர் எதிரே, உள்பக்கம். அங்கே யாருமே இல்லை. கண்ணாடி மட்டும் அதிர்ந்தது.

அக்கா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். 4.13 என்று எழுதினாள். அந்தக் காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து கோணக்கூட இல்லை.

4.14. இப்போது கதவில்.

"பென்சில், நிறுத்தவா?"

"வேண்டாம் அக்கா. இன்னும் ரெண்டு நிமிஷம்தான்."

4.15. தட்டல் நின்றது.

மெஷின் சத்தம் மட்டும்.

ஒரு விநாடி… இரண்டு… மூன்று…

ஆறாவது விநாடியில் ஒரு கை அக்காவின் வலது கணுக்காலைப் பிடித்தது.

மேசைக்கு அடியில்.

பனிக்கட்டி போல.

ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

அக்கா கீழே பார்ப்பதற்குள் அது இழுத்தது. மெதுவாக இல்லை. நாற்காலி சாய்ந்தது. அக்கா தரையில் விழுந்தாள். இத்தனை நாளாக எங்கோ போயிருந்த பயம் மொத்தமாகத் திரும்பி வந்தது. ஸ்கேனை நிறுத்தும் பொத்தானை அடித்துவிட்டுக் கதவுக்கு ஓடினாள்.

கைப்பிடியைத் தொட்டாள்.

டம்.

கட்டடமே குலுங்கியது. உள்ளே ஆவி சீறும் சத்தம். கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை.

மெஷினைக் குளிர வைக்க அதற்குள் ஹீலியம் திரவமாக இருக்கும், பறக்கும் பலூனில் அடைக்கிற அதே வாயு. அது கொதித்து வெடித்துக் கிளம்பினால் குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். அன்று போகவில்லை. அறைக்குள் நிரம்பியது. மூச்சுவிடக் காற்றே இல்லாமல் ஆக்கியது. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. உள்ளே இருந்த அழுத்தம் அதைச் சுவர் மாதிரி ஆக்கிவிட்டது.

அக்கா தள்ளினாள். தோளால் மோதினாள்.

மேசையில் மணி அடித்தது. பந்தை அமுக்குகிறாள்.

பீப்… பீப்… பீப்…

மணி நின்றது.

பிறகு கதவின் மறுபக்கம்…

டொக். டொக். டொக்.

இத்தனை வாரமாகக் கேட்ட அதே தட்டல். அதே இடைவெளி. அதே பலம்.

பென்சில் எப்படியோ மெஷினிலிருந்து நழுவி இறங்கிக் கதவு வரை வந்திருக்கிறாள்.

"அக்கா… கதவு திறக்கல…"

அது பென்சிலின் குரலாகவே இல்லை. சின்னக் குழந்தையின் குரல் போல, மெல்லிசாக, கீச்சென்று. அந்த வாயு தொண்டைக்குள் போனால் குரல் அப்படி ஆகிவிடுமாம்.

"அக்கா… கதவு திறக்கல…"

"வந்துட்டேண்டி. இரு. வந்துட்டேன்."

நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். விரிசல் விடவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. கதவில் தட்டல் மெலிந்துகொண்டே வந்தது.

டொக்… டொக்…

மூன்றாவது வரவில்லை.

4.19-க்குக் கண்ணாடி உடைந்தது. ஒன்பதாவது அடியில்.

அழுத்தம் இறங்கியதும் கதவு தானாகவே இளகியது. பென்சில் வாசலிலேயே குப்புறக் கிடந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் அவளைத் தூக்கி வந்து நெஞ்சை அமுக்கினார்கள், மேலே கொண்டுபோனார்கள். 4.51-க்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தூக்கும்போது அக்கா அவளுடைய வலது கையைப் பார்த்தாள். முன்னால் நீட்டியிருந்தது. விரல்கள் வளைந்திருந்தன. பெரிய பொருளைப் பிடித்த மாதிரி இல்லை, குச்சியைப் பிடித்த மாதிரியும் இல்லை. ஒரு கணுக்கால் பருமனுக்கு வளைந்திருந்தன.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. மாடியில் அந்தக் குழாயின் வாயைப் பறவைகள் கூடு கட்டி அடைத்திருந்தன. அறையில் காற்று குறைந்தால் கத்த வேண்டிய சுவர் மணி ஒன்று இருந்தது. அது சும்மா சும்மா கத்துகிறது என்று எட்டு மாதம் முன்பே யாரோ அதன் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்கவில்லை. அக்கா மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். அக்கா அதை மடித்து அலமாரியில் வைத்தாள், இன்றுவரை எடுத்துப் பார்க்கவில்லை.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். கடைசி நாள் அக்கா அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், இதுக்கு முன்னாடி அந்த ரூம்ல யாராவது செத்திருக்காங்களா?"

அவர் கோப்பைப் புரட்டினார். "நானும் அதைப் பார்த்தேன்மா. கட்டடம் கட்டிப் பன்னிரண்டு வருஷம். அதுக்கு முன்னாடி வெறும் பொட்டல். அந்த அடித்தளத்துல ஒரு சாவுகூட இல்ல. இந்தப் பொண்ணுதான் முதல்."

"அப்போ எங்க காலைப் பிடிச்சது யாரு சார்?"

அவர் கோப்பை மூடிவிட்டார்.

அந்த அறையில் இப்போது வேறு மெஷின் ஓடுகிறது. வேறு ஆபரேட்டர். அக்கா அவளிடம் இரண்டு மூன்று தடவை விசாரித்தாள். மே ஆறுக்குப் பிறகு அங்கே எந்தத் தட்டலும் இல்லை. யார் காலையும் யாரும் பிடித்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 11 மணி. எங்கள் வீட்டு மணி அடித்தது. நான்தான் கதவைத் திறந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். தையல் கடை வைத்திருக்கிறாராம். செய்தித்தாளில் விபத்தைப் பற்றிப் படித்துவிட்டு, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அக்காவுக்கு அவர் முகம் உடனே தெரிந்துவிட்டது. அந்தப் புதுக் கட்டத்தில் முதன்முதலாகப் படுத்தவர். ஒரு நாள் மட்டும் வந்தார். மறுபடி வரவே இல்லை. அப்படிச் சிலர் நின்றுவிடுவது வழக்கம் என்பதால் யாரும் அவரைத் தேடவில்லை.

உட்காரச் சொன்னோம். விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்," என்றார்.

"தட்டல் கேட்டுச்சா?" என்றாள் அக்கா. "காலைப் பிடிச்சுதா?"

"அது மட்டும் இல்லங்க. அழுதுச்சு."

நான்தான் கேட்டேன், யார் என்று.

"யாருன்னு தெரியல. சின்னப் பிள்ளை குரல். கீச்சுக்குரல். என் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, கதவு திறக்கல… அக்கா, கதவு திறக்கல'ன்னு. எனக்கும் சின்னப் பிள்ளை இருக்குங்க. அதைக் கேட்டுட்டு மறுபடி அங்க வந்து படுக்க எனக்கு மனசு வரல."

அந்தக் குரலைப் பற்றி அக்கா விசாரணையில் சொல்லவில்லை. எந்தச் செய்தித்தாளிலும் அது வரவில்லை. இந்த உலகத்தில் அதைக் கேட்டவள் அக்கா ஒருத்திதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தையல்காரம்மா வந்து படுத்த நாள் மார்ச் ஏழு. நேரம், பதிவேட்டில் இருக்கிறது, காலை 10.15. பென்சில் சாவதற்கு அறுபது நாள் முன்பு.

அந்த 10.15-க்குப் பென்சில் எங்கே இருந்தாள் என்று அக்காவைக் கேட்டேன்.

"என் பக்கத்துல," என்றாள் அக்கா. "டீ ஆறிப்போச்சுன்னு திட்டிக்கிட்டு இருந்தா."